கோவில்பட்டி ஊரான கதை

தமிழ்நாட்டின் பழைய ஊர்களுக்குப் பெரும்பாலும் ஓர் ஆறு உண்டு. மதுரைக்கு வைகை, திருநெல்வேலிக்குத் தாமிரபரணி, திருச்சிக்குக் காவிரி. கோவில்பட்டிக்கு அப்படி ஓர் ஆறு கிடையாது. வைப்பாறு வடக்கே சாத்தூரைத் தொட்டு, விளாத்திகுளம் பக்கம் திரும்பி, மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தாமிரபரணி தெற்கே வெகு தூரத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில், மதுரைக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரிலும் திருநெல்வேலிக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரிலும், கோவில்பட்டி இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த நகராட்சியில் சுமார் 95,000 பேர் இருந்தார்கள். பஞ்சாலை, தீப்பெட்டி, கடலைமிட்டாய் என்று மூன்று தொழில்களுக்குப் பேர்போன ஊர். செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாதர் கோயிலைச் சுற்றி இருந்த ஒரு சிற்றூர், ஆறும் துறைமுகமும் இல்லாமல் இப்படி வளர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலில் காலுக்குக் கீழே இருக்கும் மண்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், வடக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை என்று பரந்து கிடக்கும் இந்த வட்டாரத்தைக் கரிசல் என்கிறோம். கரிசல் என்பது கருநிறக் களிமண். பள்ளிப் பாடத்தில் கரிசல் மண்ணுக்குக் காரணமாகத் தக்காணத்தின் எரிமலைப் பாறையைச் சொல்லித் தருவார்கள். அது மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தும். அந்த எரிமலைப் பாறை வட கர்நாடகத்தோடு நின்றுவிடுகிறது. நம் கரிசலுக்கு அடியில் இருப்பது நைஸ், கிரானைட் வகையைச் சேர்ந்த மிகப் பழைய கடினப் பாறை. அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கழுகுமலைக்குப் போகலாம். பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டு வாக்கில், மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் கறுப்பு மண் எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புச் சத்துள்ள பாறை சிதைகிறது. நிலம் ஏறக்குறைய சமதளமாக இருப்பதால் நீர் வேகமாக வடிவதில்லை. மழையும் குறைவு. எனவே பாறையிலிருந்து பிரியும் உப்புகள் அடித்துப்போகாமல் அங்கேயே தங்குகின்றன. இந்தச் சூழலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை உருவாகிறது. கரிசலின் குணம் முழுவதும் இந்தக் களிமண்ணின் குணம்தான். நிறத்தைப் பார்த்து மக்கிய சத்து நிறைந்த மண் என்று எண்ணிவிடக் கூடாது. கரிசலில் அங்ககச் சத்தும் தழைச்சத்தும் குறைவு.

மான்ட்மோரில்லோனைட் துகள் ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டைப் போல மெல்லிய அடுக்குகளால் ஆனது. நனைந்தால் அடுக்குகளுக்கு நடுவே நீர் புகுந்து துகள் வீங்குகிறது. காய்ந்தால் நீர் வெளியேறித் துகள் சுருங்குகிறது. கோடிக்கணக்கான துகள்கள் ஒருசேரச் சுருங்குவதால் நிலம் பிளக்கிறது. சித்திரை, வைகாசியில் கரிசல் காட்டில் நடந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகளைப் பார்க்கலாம். ஒரு நீளக் குச்சியை விட்டுப் பார்த்தால் பல இடங்களில் அடி தட்டாது.

இந்த வெடிப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. மேலே இருக்கும் பொடிமண் காற்றிலும் மாட்டுக் குளம்பிலும் பட்டு வெடிப்புக்குள் விழுகிறது. ஆண்டுக்கு ஆண்டு மேல்மண் கீழேயும் கீழ்மண் மேலேயும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகின்றன. அதாவது நிலம் தன்னைத்தானே மெல்ல உழுதுகொள்கிறது. இரண்டாவது வேலை மழையோடு சேர்ந்தது. முதல் மழைநீர் வெடிப்பு வழியாக நேரே ஆழத்துக்கு இறங்குகிறது. பிறகு மண் வீங்கி வெடிப்பு மூடிக்கொள்கிறது. உள்ளே போன ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதற்குப் பிறகு வரும் மழை இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடிவிடுகிறது. கரிசல் நிலத்தில் ஒரு மழைக்குள் ஓடைகள் பெருகுவதும், அதே நிலத்தில் மழை நின்று இரண்டு மாதம் கழித்தும் செடி பச்சையாக நிற்பதும் ஒரே காரணத்தால்தான்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இதே குணம் தொல்லை. ஆழமில்லாத அடித்தளம் போட்டால் மழைக்காலத்தில் மண் தூக்கும், கோடையில் இறங்கும். சில ஆண்டுகளில் சுவரில் சாய்வாகக் கீறல் விழும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு மணலோ சரளையோ நிரப்பிக் கட்டுவது இங்கே வழக்கம். பெரிய கட்டடமாக இருந்தால், மண் அசையாத ஆழம் வரை இறக்கி, அடிமுனையை அகலமாக்கிய கான்கிரீட் தூண்களை நடுவார்கள்.

அடுத்தது மழை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும்போது வெறும் காற்றாக வருகிறது. மலையின் மறுபக்கத்தில் இருப்பதால் மழை கிடைக்காத இத்தகைய நிலத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள். ஆனி, ஆடியில் கோவில்பட்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்று மட்டுமே. செங்கோட்டைக் கணவாய் வழியாக அது கயத்தாறு, கழுகுமலைப் பக்கம் பலமாக வீசுகிறது. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதற்கும், காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையம் அங்கே இருப்பதற்கும் அதுவே காரணம்.

மழைக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கணக்கு. ஆண்டு சராசரி 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. இந்தச் சராசரி மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் சராசரி என்பது பல ஆண்டுகளைக் கூட்டி வகுத்து வரும் எண். உழவருக்குக் கிடைப்பது அந்தந்த ஆண்டின் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது கோவில்பட்டியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தது. பல மாத மழை ஒரு நாளில் வந்து, கண்மாய்களை உடைத்து, காட்டை அரித்துக்கொண்டு கடலுக்குப் போனது. அது ஆண்டுக் கணக்கில் நல்ல மழையாகவே பதிவாகும்.

இப்படிப்பட்ட மண்ணில், இப்படிப்பட்ட மழையை மட்டும் நம்பிச் செய்யும் வெள்ளாமைக்கு மானாவாரி என்று பெயர். கிணறோ வாய்க்காலோ இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மானாவாரி என்றால் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று ஓர் எண்ணம். நடைமுறையில் அதில் நுணுக்கமான தீர்மானங்கள் நிறைய உண்டு. அதில் மிகக் கடினமானது விதைக்கும் நாளைத் தேர்வது.

மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் கரிசல் விடாது. நனைந்த களி செருப்பிலும் கலப்பையிலும் அப்பிக்கொள்ளும். மாடும் டிராக்டரும் இறங்க முடியாது. மண் கொஞ்சம் உலர்ந்து இறங்குவதற்குள் பருவத்தில் இரண்டு வாரம் போய்விடும். மொத்தப் பருவமே இரண்டரை, மூன்று மாதம்தான். அதனால் மழைக்கு முன்பே, புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். இதற்கு முன்பருவ விதைப்பு என்று பெயர். புரட்டாசி வாக்கில், காய்ந்த மண்ணில் விதையைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். மேலாக விழுந்தால் ஒரு சிறு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். ஆழத்தில் கிடந்தால் நல்ல மழை பெய்து ஈரம் அங்கே இறங்கிய பிறகே முளைக்கும். எப்போது முளைக்க வேண்டும் என்பதை ஆழம் தீர்மானிக்கிறது.

விதையையும் பழக்கப்படுத்துகிறார்கள். சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்துவார்கள். இதற்கு விதைக் கடினப்படுத்துதல் என்று பெயர். விதைக்குள் முளைப்பின் முதல் படிகள் தொடங்கி நிறுத்தப்படுகின்றன. அத்தகைய விதை பிறகு கிடைக்கும் குறைந்த ஈரத்திலும் வேகமாக முளைக்கும், வறட்சியையும் தாங்கும்.

இந்த முறைகளைச் சோதித்துச் செம்மைப்படுத்தியதில் பெரும்பங்கு கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துடையது. 1901இல் தொடங்கிய நிலையம் அது. நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. விதைக் கடையில் 'கோ' என்று தொடங்கும் ரகங்கள் கோயம்புத்தூரில் உருவானவை. 'கே' என்று தொடங்குபவை கோவில்பட்டியில் உருவானவை. கே 8 சோளம், கே 11 பருத்தி என்று ரகங்கள் உண்டு. ஒரு சிறு நகரத்தின் முதலெழுத்து தமிழ்நாட்டு உழவர்களின் வாயில் நூறு ஆண்டுகளாகப் புழங்குகிறது. கோவில்பட்டிக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

மண்ணும் மழையும் இப்படி இருக்க, யார் வந்து குடியேறினார்கள் என்பது அடுத்த கேள்வி. திருநெல்வேலிச் சீமையின் பழைய நெல் ஊர்கள் தாமிரபரணியை ஒட்டியே இருந்தன. கரிசல் காட்டில் மக்கள் நெருக்கம் குறைவு. விஜயநகரப் பேரரசின் காலத்திலும் மதுரை நாயக்கர் காலத்திலும் தெலுங்கு பேசும் குடிகள் வடக்கேயிருந்து தெற்கே வந்தார்கள். ராஜகம்பளத்தார், கம்மவார், ரெட்டியார் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். கறுப்பு மண்ணில் உழுது பழகியவர்கள் என்பதால் நதிக்கரை நிலங்களைவிடக் கரிசலே அவர்களுக்கு வாய்த்தது. இன்றும் இந்தக் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசும் குடும்பங்கள் நிறைய. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலில் எழுதியது இந்தக் குடியேற்றத்தின் நினைவைத்தான்.

மதுரை நாயக்கர்கள் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். பாளையம் என்பது வரி வசூலும் படையும் ஒருவர் கையில் இருக்கும் ஆட்சிப் பிரிவு. இந்தப் பகுதியில் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் பெரியவை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மன் கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோதித் தோற்று, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. போர்கள் முடிந்ததும் பாளையங்கள் ஜமீன்களாயின. ஆயுதம் பறிக்கப்பட்டது, வரி மட்டும் நிலைத்தது. ஜமீன் முறை 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே முடிவுக்கு வந்தது. ஜமீன் காலத்தின் முற்பகுதியில் இந்த வட்டாரத்தில் முக்கியமான ஊர் என்றால் அரண்மனை இருந்த எட்டயபுரம்தான். முத்துசாமி தீட்சிதர் 1835இல் காலமானது அங்கே. பாரதி 1882இல் பிறந்ததும் அங்கே.

எட்டயபுரத்துக்கு இருந்த மதிப்பு பிறகு ஏன் பதினைந்து கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது? இதற்குப் பதில் பருத்தி, ரயில் என்ற இரண்டிலும் சேர்ந்து இருக்கிறது.

கரிசலில் பருத்தி பழைய பயிர். இந்த மண்ணுக்கே உரிய நாட்டுப் பருத்திக்குக் கருங்கண்ணி என்று பெயர். ஆணிவேர் ஆழமாகப் போய் வெடிப்பு வழியே இறங்கிய ஈரத்தை எடுத்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் மாசி, பங்குனியில் காய் வெடிக்கும். பஞ்சு எடுக்கும் நேரத்தில் மழை பெய்யாமல் இருப்பதுதான் பருத்திக்கு வேண்டியது. நெல்லுக்குக் குறையாக இருந்த வறட்சி பருத்திக்கு வசதியாக இருந்தது.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அந்நாட்டின் தென் மாநிலங்களின் பஞ்சை நம்பியிருந்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குச் சரக்கு நின்றுபோனது. அவர்கள் இந்தியப் பஞ்சைத் தேடினார்கள். விலை ஏறியது. 1865இல் போர் முடிந்து விலை விழுந்தாலும், தூத்துக்குடித் துறைமுகம் வழியான பஞ்சு வணிகம் நிலைத்துவிட்டது. உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பஞ்சு என்று தனிப் பெயரே இருந்தது. அதில் பெரும்பகுதி விளைந்தது இந்தக் கரிசல் காட்டில்.

1870களின் நடுவில் மதுரையிலிருந்து தெற்கே ரயில் பாதை போட்டார்கள். அது மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போனது. கோவில்பட்டி அந்தப் பாதையில் விழுந்தது. எட்டயபுரம் விழவில்லை. அதுவரை பஞ்சு மாட்டுவண்டியில் துறைமுகத்துக்குப் போனது. இனி ரயில் நிலையம் வரை வண்டியில் வந்தால் போதும். பஞ்சு வந்து சேரும் இடத்தில் வியாபாரிகள் வந்தார்கள், கிட்டங்கிகள் வந்தன, கொட்டை நீக்கும் அரவை ஆலைகள் வந்தன. 1891இல் நூற்பாலை வந்தது. அதுதான் இன்று லாயல் டெக்ஸ்டைல் மில்ஸ் என்று அறியப்படுவது. பின்னாளில் கோயம்புத்தூரின் லட்சுமி மில்ஸும் இங்கே ஒரு ஆலை வைத்தது. எட்டயபுரத்திலேயே பஞ்சாலை நடத்த முயன்றவர் பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர். அவர் அதில் நொடித்துப்போனார். அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ரயில் பாதை தள்ளிப்போன ஊரில் ஆலை நடத்துவது எளிதல்ல என்பது மட்டும் நிச்சயம்.

ஆலை ஊரின் நேரத்தையே மாற்றியது. காட்டு வேலை பருவத்துக்கு உட்பட்டது. ஆலை வேலை ஷிப்டுக்கு உட்பட்டது. மாதச் சம்பளம் என்ற ஒன்று சுற்றுக் கிராமங்களுக்கு முதன்முதலில் வந்தது இந்த வழியில்தான். ஆனால் ஆலைகளில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மானாவாரிக் காட்டில் ஆண்டுக்கு நான்கைந்து மாதம்தான் வேலை. மீதி மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருந்த குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், ஏராளம். அந்த இடத்தில் தீப்பெட்டி நுழைந்தது.

1920களின் தொடக்கம் வரை இந்தியாவில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு கனத்த தீர்வை போட்டது. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று, 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். அங்கிருந்து அது சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் பரவியது. இந்த ஊர்களில் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள்.

ஒரு தீக்குச்சி எப்படி எரிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலின் வேலைப் பிரிவினை புரியும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை ஆகியவை கலந்த மருந்து இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பூசியிருக்கும். உரசும்போது பக்கவாட்டிலுள்ள பாஸ்பரஸ் ஒரு நொடி பற்றி, குச்சித் தலையிலுள்ள குளோரேட்டைத் தூண்டுகிறது. அது தரும் ஆக்சிஜனில் கந்தகம் எரிகிறது. மருந்திலிருந்து தீ மரத்துக்குத் தாவுவதற்காகக் குச்சியின் நுனியை முதலிலேயே மெழுகில் முக்கியிருப்பார்கள். எரிய வேண்டிய பொருள்களில் ஒன்றைப் பெட்டியில் பிரித்து வைத்திருப்பதால் சும்மா கிடக்கும் குச்சி தானாகப் பற்றாது. பாதுகாப்புத் தீப்பெட்டி என்ற பெயர் அதனால் வந்தது.

கையால் செய்யும் முறையில், கேரளத்திலிருந்து வரும் மென்மரத்தைச் சீவிக் குச்சியாக்குவார்கள். அந்தக் குச்சிகளைப் பள்ளம் வெட்டிய சட்டங்களில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, சட்டத்தின்மேல் சட்டமாக அடுக்கி இறுக்க வேண்டும். கட்டை அடுக்குவது என்று இதைச் சொல்வார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து, விரல் நுனியால் குச்சிகளைத் தள்ளிப் பள்ளத்துக்கு ஒன்றாக விழவைப்பார்கள். பார்க்கிற கண்ணுக்கு விரல் எங்கே போகிறது என்று பிடிபடாத வேகம். இரண்டு குச்சி தொட்டுக்கொண்டால் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிக்கொள்ளும், அந்தக் கட்டை வீண். கூலி மணிக்கணக்கில் இல்லை, அடுக்கிய கட்டைக் கணக்கில். முக்கிய குச்சி உலர வேண்டும். பெட்டி ஒட்டிய பசை உலர வேண்டும். பாஸ்பரஸ் பூச்சு உலர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வறண்ட காற்று கூலி வாங்காத ஓர் ஆளாக வேலை செய்கிறது.

தொழில் இங்கே தழைத்ததற்கு வறண்ட காற்றையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். வறண்ட காற்று தென்னிந்தியாவில் வேறு இடங்களிலும் உண்டு. இங்கே அதோடு வேறு சிலவும் கூடின. வணிகத்தில் ஊறிய நாடார் சமூகத்தின் முதல் இருந்தது. காட்டு வேலை இல்லாத மாதங்களில் குறைந்த கூலிக்கும் வரக்கூடிய பெண்கள் இருந்தார்கள். சிறிய ஆபீஸ்களுக்கும் கைவேலைக்கும் கலால் வரியில் அரசு நீண்டகாலம் கொடுத்த சலுகையும் இருந்தது. அதனால்தான் ஒரு பெரிய ஆலை எழும்பாமல் நூற்றுக்கணக்கான சிறு ஆபீஸ்கள் ஊர் ஊராகப் பரவின.

அந்தப் பரவலுக்கு ஒரு விலையும் இருந்தது. கட்டை அடுக்கச் சிறு விரல்கள் வசதி என்று குழந்தைகளைக் கொண்டுபோனார்கள். விடியுமுன் கிராமத்துக்கு வரும் பஸ்ஸில் ஏறி, இருட்டிய பின் திரும்பிய பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குக் குறைந்தவர்களைத் தடைசெய்தது. சட்டமும், பள்ளியில் சத்துணவும், இயந்திரமும் சேர்ந்தே நிலைமையை மெதுவாக மாற்றின. இன்று பெரும்பகுதி வேலையை இயந்திரம் செய்கிறது. ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. அதற்கு முன்பு விலை ஏறியது 2007இல். மூலப்பொருள் விலை ஏறிக்கொண்டிருக்க, பதினான்கு ஆண்டுகள் ஒரே விலையில் விற்ற பண்டம் வேறு எத்தனை இருக்கும்? மலிவான பிளாஸ்டிக் லைட்டர்தான் இப்போது பெரிய போட்டி. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடைசெய்தது கோவில்பட்டியின் நீண்டநாள் கோரிக்கைக்குக் கிடைத்த பதில்.

கடலைமிட்டாயைச் சுருக்கமாகச் சொல்லலாம். மணலில் வறுத்த கடலையைத் தோல் நீக்கி உடைப்பார்கள். வெல்லத்தைப் பாகாக்கி, பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டித் தேய்த்து, சூடு ஆறுமுன் வெட்டுவார்கள். மேலே தேங்காய்த் துருவல் தூவுவார்கள். முன்பு பனைவெல்லத்தில் செய்தார்கள். இப்போது வெல்லம் தேனி, சேலம் பக்கமிருந்து வருகிறது. 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் பெயரை அது பிறந்த வட்டாரத்தார் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற சட்ட உரிமை அது. வேறு ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று விற்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தீப்பெட்டிக்கு மரம் கேரளத்திலிருந்து, மிட்டாய்க்கு வெல்லம் தேனியிலிருந்து, ஊருக்குக் குடிநீர் சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக வருகிறது. கரிசலில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. குழாய் வருவதற்கு முன் ஊருணிதான் குடிக்கக் கொடுத்தது. ஆக, கோவில்பட்டி வெளிப்பொருளை வாங்கி, உழைப்பைச் சேர்த்து, ரயிலிலும் சாலையிலும் ஏற்றி அனுப்பும் ஊர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிப் போவது அதற்குக் கூடுதல் துணை.

ஊர் இப்படி மண்ணிலிருந்து விலகிப் போனாலும், எழுத்து மண்ணிலேயே நின்றது. இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில், 1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பூமணிக்கு 2014இல் 'அஞ்ஞாடி'க்காகவும், சோ. தர்மனுக்கு 2019இல் 'சூல்' நாவலுக்காகவும் கிடைத்தது. நால்வரும் இந்த வட்டாரத்தார். 'சூல்' ஒரு கண்மாயைப் பற்றிய நாவல் என்பதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு.

கண்மாய் என்பது ஓடி வரும் மழைநீரைக் கரை போட்டுத் தேக்கும் ஏரி. வீங்கிய கரிசல் மழையை உள்ளே விடாமல் ஓட விடுகிறது என்று பார்த்தோம். அந்த ஓட்டத்தைப் பிடித்து வைப்பது கண்மாயின் வேலை. நீரோடு மேல்மண்ணும் வரும். அது அடியில் வண்டலாகப் படியும். முன்பு கோடையில் வண்டலை வண்டி வண்டியாக அள்ளிக் காட்டில் போடுவார்கள். காட்டிலிருந்து போன சத்து காட்டுக்கே திரும்பும், கண்மாயின் ஆழமும் குறையாது. ஒரு வேலையில் இரண்டு பயன். உரமூட்டை வந்த பிறகு வண்டல் அள்ளுவது குறைந்தது. கண்மாய் மேடிட்டது. மேட்டில் சீமைக்கருவேல் முளைத்தது.

காட்டிலும் பயிர் மாறிவிட்டது. கருங்கண்ணி அநேகமாக மறைந்தது. சோளமும் கம்பும் சுருங்கி மக்காச்சோளம் பரவியது. கோழித் தீவனத்துக்குச் சந்தை இருக்கிறது, இயந்திரம் அறுத்துவிடும், எனவே உழவர் அதற்குப் போவதில் தவறு காண முடியாது. ஆனால் 2018இல் படைப்புழு வந்தபோது ஒரே பயிரை நம்பிய காடுகள் ஒன்றாக அடிபட்டன. சோளம், உளுந்து, பருத்தி, மல்லி என்று கலந்து போட்ட பழைய காட்டில் ஒன்று போனால் ஒன்று நிற்கும்.

இவற்றைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று பெரிய திட்டம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. அறிவு ஊரிலேயே இருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்த ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரி பற்றிச் சேர்ந்திருக்கும் அனுபவம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இந்த அளவுக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்மாய் வண்டலை உழவர்கள் கட்டணமில்லாமல் அள்ளிக்கொள்ள 2017இல் அரசு வழிசெய்தது. 2024இல் அனுமதியைத் தாசில்தாரே தரலாம் என்று எளிதாக்கியது. இதில் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். வண்டல் இலவசம், அள்ளிக் கொண்டுபோகும் டிராக்டரும் ஜேசிபியும் இலவசம் இல்லை. இரண்டு ஏக்கர் புஞ்சை வைத்திருப்பவருக்கு அந்த வாடகை பெரிது. அதனால் வண்டல் பெரிய காடுகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போகும் வாய்ப்பே அதிகம். சிறு உழவருக்கு வண்டி வாடகையில் ஒரு பங்கை அரசோ ஊராட்சியோ கொடுத்தால், ஐப்பசி மழைக்கு முன் கண்மாய் ஆழமாகும், காட்டுக்கும் மண் சேரும். வைகாசி, ஆனி, ஆடி ஆகிய மாதங்கள் அதற்கு ஏற்றவை. கண்மாய் காய்ந்திருக்கும், காட்டிலும் வேலை இருக்காது.